காசிநாதனின் ட்ரங்குப் பெட்டி

காசிநாதன் ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் மலையூரான நாயுடுபுரத்தில் யாருமில்லை. வயது அறுபத்திரண்டு. கண்டி மலையில் தேயிலைத் தோட்டத்துக் குடும்பம். எழுபத்து நாலில் கப்பலேறி வந்து, காரட் தோட்டம், மரம் வெட்டு, விறகுச் சுமை என்று கிடைத்த சோலியெல்லாம் பார்த்த மனுஷன். டீயைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பார். அப்பா காலில் சக்கரம் கட்டிப் பிறந்தவர் என்று மகள் சத்தியபிரியா கேலி செய்வாள்.

2009 பொங்கலுக்கு வந்த மகன் பாலகுமார், வீட்டுக்கு வைஃபை போட்டுக் கொடுத்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பினான். போன் வயர் அப்பாவின் அறை ஜன்னல் வழியாக வருவதால் ரூட்டர் அங்கேயே. அதோடு செங்கல் அளவில் ஒரு டிரைவ். குடும்ப அட்டை, பாஸ்போர்ட், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அதில் போட்டிருந்தான். சத்தியபிரியா சமையலறையில் இருந்தபடியே லேப்டாப்பில் எடுத்துக்கொள்ளலாம்.

ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் வேலைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். ஐந்து மணிக்குள் சான்றிதழ்களை அனுப்பியாக வேண்டும்.

"என் வாழ்க்கையே அந்தப் பொட்டிக்குள்ளதான்ப்பா கெடக்கு" என்று டிரைவைக் காட்டிச் சொல்லிவிட்டு, காலையில் அவள் போட்டோ எடுக்கக் கடைவீதிக்குப் போனாள்.

சொல்லிவிட்டு அவள்பாட்டுக்குப் போய்விட்டாள். இவருக்கல்லவா நெஞ்சு அடித்துக்கொண்டது! வாழ்க்கையை ஜன்னலோரமா வைப்பார்கள்? மேகம் வந்து நனைக்கிற இடம், போகிறவன் வருகிறவன் கண்படுகிற இடம். கட்டிலுக்கடியிலிருந்த ட்ரங்குப் பெட்டியை இழுத்தார். ரூட்டரையும் டிரைவையும் உள்ளே இறக்கி, வயர்களை மூடியின் இடுக்கில் விட்டுப் பூட்டினார். அப்புறம்தான் மூச்சு வந்தது.

மூன்றரைக்கு லேப்டாப்பைத் திறந்த சத்தியபிரியா, சிக்னலே இல்லை என்றாள். போனில் அண்ணன், ஸ்விட்சை அணைத்துப் போட்டு விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சொன்னான்.

"நீ இரு தாயி, நான் வெரசா பாத்துட்டு வாறேன்" என்று காசிநாதன் ஓடினார். ஸ்விட்சை அணைத்துப் போட்டுவிட்டு, பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கினார். பச்சை விளக்கு எரிந்தது. சிறிது நேரத்தில், வந்துவிட்டது என்று சமையலறையிலிருந்து குரல். நிம்மதியாகப் பூட்டிவிட்டு வந்தார். வந்து பார்த்தால் சிக்னல் போயிருந்தது.

இப்படி நாலு தடவை. அவர் போனால் வருகிறது, திரும்பினால் போகிறது. பாலகுமார் லேப்டாப்பை அணைத்துப் போடச் சொன்னான், பாஸ்வேர்டை மறுபடி அடிக்கச் சொன்னான், கடைசியில் அங்கே மேகம் இறங்கியிருக்கிறதா என்று கேட்டான். பாவம், அவ்வளவு படித்த பிள்ளை. மணி நாலேகால் ஆனது. சத்தியபிரியாவுக்கு அழுகை முட்டியது. மகள் வேலை கைநழுவுகிறதே என்று காசிநாதன் பதறினார். நிற்க முடியாமல் அறைக்கும் அடுக்களைக்குமாக அலைந்தார்.

ஐந்தாம் தடவை அவள் பின்னாலேயே வந்துவிட்டாள். அவர் பெட்டியைப் பூட்டுவதைப் பார்த்தாள்.

"தகரத்துக்குள்ள பூட்டுனா சிக்னல் எப்படிப்பா வெளிய வரும்?"

காசிநாதனுக்கு முகம் செத்துப்போயிற்று.

"கப்பல விட்டு எறங்குன எடத்துல, பாத்துட்டுத் தாறேன்னு ஒருத்தன் நம்ம குடும்ப அட்டைய வாங்கிட்டுப் போனான் தாயி. அப்புறம் ஆளக் காணல. பதினோரு மாசம் முகாம்ல கெடந்தேன். வேலைக்கும் வீட்டுக்கும் பேரு வாசிக்கிற அன்னைக்கெல்லாம் வெள்ளனே போய் நின்னேன். என் பேரு வரவேயில்ல. அதுலருந்து காயிதத்த நான் வெளிய வச்சதில்ல."

திட்ட வந்தவள் சாவியை வாங்கிப் பெட்டியைத் திறந்தாள். எல்லாம் போய்ச்சேரும்வரை மூடி திறந்தே இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினாள்.

கீல் தேய்ந்த மூடி தானாக நிற்காது. காசிநாதன் தரையில் உட்கார்ந்து அதைக் கையில் பிடித்துக்கொண்டார். கை மரத்தது. அசையவில்லை.

நாலு ஐம்பதுக்கு அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அனுப்பியாயிற்று, பதிலும் வந்துவிட்டது என்றாள். அவர் நம்பவில்லை. என்ன எழுதியிருக்கிறான், வாசி என்றார்.

"விண்ணப்பம் கெடச்சிருச்சுன்னு போட்டிருக்குப்பா. பேரு சத்தியபிரியா. தகப்பனார் பேரு காசிநாதன்."

மூடியைப் பிடித்தபடியே காசிநாதன் நிமிர்ந்தார்.

"கடைசியா ஒரு பேரு வாசிச்சியே," என்றார். "அத இன்னொருக்க வாசி தாயி."