டவர் நாற்பத்தேழு, கிழக்குக் கால்

டவர்காரர் என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். டவரில் ஏறுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் நடக்கிறவர். பெரிய மின்கம்பிகளைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் வரிசையாக நிற்கிற இரும்பு டவர்களில், முப்பத்தொன்றிலிருந்து நாற்பத்தொன்பது வரை அவர் பொறுப்பு. வாரத்தில் இரண்டு நாள் அவற்றின் அடியில் நடந்து, அண்ணாந்து பார்த்து, பழுது என்னவென்று பதிவேட்டில் எழுத வேண்டும். இருபத்தாறு வருடம் அண்ணாந்து பார்த்ததில் கழுத்து கொஞ்சம் பின்னாலேயே நின்றுவிட்டது. தெரியாதவர்கள் அவரைத் தலைக்கனம் பிடித்த ஆள் என்பார்கள்.

எழுதுவதில் மட்டும் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. டவர் எண், எந்தக் கால், தரையிலிருந்து எத்தனை அடி, நிலை என்ன. இந்த வியாதி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ‘குளியலறை, வடக்குச் சுவர், குழாய் ஒழுகுகிறது’ என்று காலண்டரில் குறித்து வைப்பார்.

“எழுதினது போதும், எந்திரிச்சுப் போய் சரி பண்ணுங்க,” என்பாள் மனைவி.

அந்த மனிதருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறைதான். மகள் அவரோடு பேசமாட்டாள். சண்டையா என்றால் சண்டை இல்லை. கோபமா என்றால் அதுவும் இல்லை. வெளியூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அம்மாவைக் கூப்பிட்டுவிடுவாள். சமையலறையில் அம்மாவும் மகளும் பேசுகிற பேச்சு ஒரு மணி நேரம் ஓடும். நடுவில் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். முன்னறையில் இவர் லொடலொடக்கும் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். கேட்பது மனைவியின் பாதி மட்டுமே. மகள் சொன்ன பாதியை இவராகவே கற்பனை செய்துகொள்ள வேண்டும்.

கடைசியில் மனைவி கேட்பாள். “அப்பாகிட்ட குடுக்கவா?” மறுமுனையில் மகள் ஏதோ சொல்வாள். பிறகு, “சரி சரி, வேலையப் பாரு.”

இவராக ஏதாவது செய்தி அனுப்பினால் பதில் வரும். வராமல் இருக்காது, மரியாதை தெரிந்த பெண். ‘ம்’ என்று வரும். ‘சாப்பிட்டாயா?’ ‘ம்.’ ‘அங்கே மழையா?’ ‘ம்.’ பதினொரு வருடமாக இதே ‘ம்’. ஊமைக்குக்கூட இதைவிட அதிகம் பேச வரும் என்று அவருக்குச் சில நாள் எரிச்சலாக வரும். பெரும்பாலான நாள் அதையே இரண்டு தடவை படித்துவிட்டுப் போனைக் கீழே வைப்பார், அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை நாற்பத்தேழாவது டவரடிக்கு வந்தவர் அண்ணாந்து பார்த்தார். பக்கத்து மரத்தின் ஒரு கிளை கம்பியை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தது. ‘டவர் 47. கிழக்குப் பக்க மரம். கிளைகளை வெட்ட வேண்டும்’ என்று எழுதினார். இடைவெளியைக் கண்ணால் அளக்க இரண்டு அடி முன்னால் வைத்தார். தொப்பி தலையிலிருந்து கழன்று அந்தரத்தில் நின்றது.

நிஜமாகவே நின்றது. டவரின் கிழக்குக் காலுக்கும் அந்த மரத்துக்கும் நடுவே ஒரு வலை. அதன் ஓரத்து நூல் தொப்பியைப் பிடித்துக்கொண்டது. தூண்டில் நரம்பு மாதிரி முறுக்கான நூல். அவர் அண்ணாந்தார். முகத்துக்கு இரண்டடி மேலே, விரித்த உள்ளங்கை அளவுக்கு ஒரு சிலந்தி தலைகீழாக உட்கார்ந்திருந்தது. அதற்குச் சற்று மேலே, ஓரமாக, பொடியாக இன்னொன்று.

இருபத்தாறு வருடத்தில் பாம்பு பார்த்திருக்கிறார், காட்டுப்பன்றி துரத்த ஓடியிருக்கிறார். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஓடத்தான் முதலில் தோன்றியது. ஆனால் அடுத்த நொடியே மகள் ஞாபகம் வந்துவிட்டது.

சின்ன வயதில் அவளுக்குச் சிலந்தி என்றால் உயிர். மற்ற பிள்ளைகள் பொம்மைக்கு அழுதால் இவள் பூதக்கண்ணாடிக்கு அழுவாள். பதிமூன்று வயதில், குளியலறைச் சுவரில் குடியிருந்த ஒரு பெரிய பழுப்புச் சிலந்திக்கு ‘ஹெட்மாஸ்டர்’ என்று பெயர் வைத்திருந்தாள். எப்போது போனாலும் அசையாமல் முறைத்துக்கொண்டிருக்கும் என்பதால் அந்தப் பெயர். நான்கு மாதம் நோட்டுப் போட்டு அதைப் பற்றி எழுதிவந்தாள். எழுதுகிற வியாதி வேறு எங்கிருந்து வரும்?

தொப்பியை அப்படியே விட்டுவிட்டு, போனில் படம் எடுத்தார். தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் எழுதி அனுப்பினார். ‘டவர் 47, கிழக்குக் கால். தரையிலிருந்து எட்டடி. சிலந்தி ஒன்று, குட்டி ஒன்று. நிலை: உயிருடன்.’

‘ம்’ வரும் என்று காத்திருந்தார். போன் அடித்தது. மகள்!

“அப்பா, அது எவ்வளவு பெருசு?”

“என் கை... கை அளவும்மா. காலோட சேர்த்து.”

“வலை என்ன கலர்?”

“வெள்ளைதான்.”

“வெயில் படுற பக்கமா போய்ப் பாருங்க.”

புதரை மிதித்துக்கொண்டு சுற்றிப் போனார். வெயிலில் பார்த்தால் வலை முழுக்க மஞ்சள். புதுப் பித்தளைக் கம்பி இழுத்துக் கட்டியது போல மின்னியது. சொன்னார்.

“கால்ல முட்டிக்கு முட்டி மஞ்சள் பொட்டு இருக்கா?”

“இரு, எண்ணிச் சொல்றேன்.”

“எண்ண வேணாம்ப்பா! இருக்கா, இல்லையா?”

“இருக்கும்மா.”

“அப்ப பொன்வலைச் சிலந்தி. நம்ம ஊர்ல வலை கட்டுற சிலந்திலயே இதான் பெருசு. ஒண்ணும் பண்ணாது, பயப்படாதீங்க. அப்புறம், மேல சின்னதா ஒண்ணு இருக்கே, அது குட்டி இல்ல.”

“பின்ன?”

“அது புருஷன்.”

மறுமுனையில் சிரிப்புச் சத்தம். சமையலறையில் மனைவிக்கு மட்டுமே கிடைத்துவந்த சிரிப்பு, காட்டு நடுவில், அவர் காதுக்குள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். விரல்நகம் அளவுகூட இல்லாத அந்தப் புருஷன் ஓரமாக ஒதுங்கி இருந்ததைப் பார்த்து, ‘நம்ம ஆளுதான்’ என்று நினைத்துக்கொண்டார்.

“நான் இத நேர்ல பார்த்ததே இல்லப்பா. அடுத்த சனிக்கிழமை வரட்டுமா?”

வரட்டுமா என்று கேட்கிறாள்! தன் வீட்டுக்கு வர!

அந்த ஒரு வாரம் அவர் கால் தரையில் பாவவில்லை. மகள் தினமும் கேள்வி அனுப்பினாள். முறை இல்லாத நாளிலும் பொடிநடையாகக் காட்டுக்குப் போய்ப் பார்த்து எழுதினார். ‘இன்று வண்டு ஒன்று சாப்பிட்டது. கணவர் நலம்.’ பதில்கள் முழு வாக்கியங்களாக வந்தன. அவற்றை மனைவியிடம் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

“ரொம்பத்தான் பீத்திக்காதீங்க,” என்றாள் அவள். ஆனால் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சந்தோஷத்தில் ஒன்றை மறந்துபோனார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதிவேட்டை வழக்கம்போல ஆபீசில் கொடுத்திருந்தார். மரம் வெட்டச் சொல்லி அவர் எழுதியவை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். வெட்டாமலே பட்டுப்போன மரமெல்லாம் உண்டு. அந்த ஆபீசுக்குச் சுறுசுறுப்பு வர வேறு நாளே கிடைக்கவில்லை. வியாழக்கிழமை காலை நாற்பத்தைந்தைத் தாண்டும்போதே மரம் அறுக்கிற இயந்திரத்தின் சத்தம் கேட்டது. ஓடினார்.

மரம் மொட்டையாக நின்றது. கிளைகள் தரையில் குவிந்து கிடந்தன.

“ஏன்ப்பா வெட்டினீங்க?” என்று மேஸ்திரியின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்தினார்.

மேஸ்திரி விழித்தார். “நீங்க எழுதினதுதானே அண்ணே. இங்க பாருங்க, உங்க கையெழுத்து.”

வெட்டுகிறவர்கள் போன பிறகும் மத்தியானம்வரை ஒவ்வொரு கிளையாகப் புரட்டினார். ஒவ்வொரு இலையாகத் திருப்பினார். சிலந்தி இல்லை. டவரின் கிழக்குக் காலில் ஒரு முழ நீளத்துக்கு மஞ்சள் நூல் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

சிலந்தி இல்லாவிட்டால் மகள் எதற்கு வருவாள்? அவரைப் பார்க்கவா? அப்படி நினைத்துக்கொள்ள அவருக்குத் துணிச்சல் இல்லை. திரும்ப ‘ம்’ வந்துவிடும். ஒரு வாரம் ருசி பார்த்த பிறகு இனி அதை எப்படித் தாங்குவது?

போனை எடுத்து எழுதினார். ‘சிலந்தி தானாகவே வேறு இடம் போய்விட்டது.’

அனுப்பப் போன விரல் நின்றது. இந்த வாக்கியத்தை அவர் ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருக்கிறார். பதினொரு வருடத்துக்கு முன்னால் அவருடைய அக்கா குடும்பத்தோடு வந்திருந்தார். சிலந்தியைப் பார்த்து அக்கா குளியலறையிலிருந்து அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது. மானம் போகிறதே என்ற ஆத்திரத்தில் இவர் விளக்குமாற்றை எடுத்து ஹெட்மாஸ்டரை ஒரே அடி. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் வெறும் சுவரைப் பார்த்துவிட்டு வந்து நின்றாள். “அது தானாவே ஜன்னல் வழியா போயிடுச்சும்மா,” என்றார். அவள் அழவில்லை, கேள்வி கேட்கவில்லை. “ம்” என்றாள். தப்பித்தோம் என்று நினைத்தார்.

எழுதியதை அழித்தார்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்குச் சமையலறையில் போன் அடித்ததும், மனைவி எடுப்பதற்குள் இவர் போய் எடுத்துவிட்டார்.

“அம்மா இல்லையா?”

“இருக்கா. நான் ஒண்ணு சொல்லணும். நாற்பத்தேழுல மரத்த வெட்டிட்டாங்கம்மா. சிலந்தி போச்சு. வெட்டச் சொல்லி எழுதிக் குடுத்தது நான்தான். அத பார்க்கறதுக்கு முன்னாடியே எழுதிட்டேன், அப்புறம் அந்த வரிய அழிக்க மறந்துட்டேன்.” மூச்சு வாங்கியது. நிறுத்தினால் சொல்லமாட்டோம் என்று பயம். “அப்புறம்... உன் ஹெட்மாஸ்டர். அதுவும் தானா போகல. நான்தான் அடிச்சேன்.”

மனைவி அடுப்பை அணைத்தாள்.

“தெரியும்ப்பா,” என்றாள் மகள். “விளக்குமாத்துல ஒரு கால் ஒட்டிட்டு இருந்துச்சு.”

போனைப் பிடித்தபடியே முன்னறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அன்னைக்கே தெரியுமா?”

“ம். நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன். முதல்ல ஒரு வாரம் பார்த்தேன். அப்புறம் பரீட்சை முடியட்டும்னு பார்த்தேன். அப்புறம் காலேஜ் வந்துடுச்சு.” குரல் உடைந்தது. “எழுதறதெல்லாம் கரெக்டா எழுதறவராச்சே, இத மட்டும் ஏன்ப்பா மாத்திச் சொன்னீங்க?”

ஒரு வரி. சொல்ல அரை நிமிடம்கூட ஆகாத ஒரு வரி. அதற்காகப் பதினொரு வருடம், ஒவ்வொரு சாயங்காலமும், அவள் அந்தப் பக்கமும் இவர் இந்தப் பக்கமும் காத்துக்கிடந்திருக்கிறார்கள். போன வருடங்களை எந்தப் பதிவேட்டில் எழுதி யாரிடம் கொடுப்பது?

“சனிக்கிழமை...” என்று ஆரம்பித்தார்.

“நாப்பத்தேழுல இல்லன்னா என்ன, பக்கத்துல எங்கயாவது இருக்கும். மொத்தம் எத்தன டவர்ப்பா?”

“பத்தொன்பது.”

“ஒண்ணு விடாம சொல்லுங்க. எதுல என்ன இருக்குன்னு.”

“முப்பத்தொண்ணு,” என்றார் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “வடக்குக் கால். ஒரு பறவைக் கூடு இருக்கும்மா...”

சமையலறையிலிருந்து வந்த மனைவி, தன் போனைத் திருப்பிக் கேட்கவில்லை. லொடலொடத்துக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்திவிட்டு, வாசல் நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டு நின்றாள்.