யாரும் கழிக்காத சேறு

தண்ணீர் எவ்வளவு என்று யார் கேட்டாலும் அவள் வாயால் சொல்லமாட்டாள், விரலைக் காட்டுவாள். மூன்று விரல் நிமிர்ந்து நாலாவது பாதி மடங்கியிருந்தால் மூன்றரை அடி. ஷட்டருக்கு அடியில் தண்ணீர் விழும் இரைச்சலில் அக்கரையில் நிற்பவருக்குக் குரல் கேட்காது என்பதால் வந்த பழக்கம் அது. இருபத்தாறு வருஷத்தில் கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மளிகைக் கடையில் எத்தனை கிலோ என்றாலும் விரல்தான், பஸ்ஸில் எத்தனை டிக்கெட் என்றாலும் விரல்தான். வாய்க்கால் கரையில் அவளுக்கு விரலக்கா என்றே பெயர். பேச்சு அதிகம் வராத பெண்ணுக்கு அது வசதியாகவும் இருந்தது.

ஒன்பதாம் கிளை வாய்க்காலின் கடைசி ஷட்டர் அவள் பொறுப்பு. முதலில் அது அவள் புருஷன் பார்த்த வேலை. ஒரு மத்தியானம் ஷட்டர் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. வேலை அவளுக்கு வந்தது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், ஆனால் இந்த வேலைக்கு எண் தெரிந்தால் போதும். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் சுவரில் பதித்த இரும்புத் தகட்டில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாதம் பிறந்தால் ஆபீஸ் குமாஸ்தா சைக்கிளில் வந்து தாளைக் கிழித்துக்கொண்டு போவார்.

அதற்கு முன்னால் ஒருமுறை புருஷன் காய்ச்சலில் கிடந்த நாட்களில் அவரே சொல்லிக் கொடுத்ததுதான் எல்லாம். "தகட்டுல என்ன நிக்குதோ அதை எழுது. நீயா கூட்டாதே, குறைக்காதே. கூட்டல் கழித்தல் எல்லாம் மேல பாத்துக்குவாங்க." அவளும் அப்படியே எழுதினாள். ஒரு நாள் தப்பவில்லை.

அவள் தாத்தா காலத்தில் அரசாங்கம் பதினோரு கிளையோடு இந்த வாய்க்காலை வெட்டியது. மண் சுமந்தவர்களுக்குக் கூலி போக ஒன்பதாம் கிளையின் கோடியில் ஆளுக்குக் கொஞ்சம் பொட்டல் நிலம் கிடைத்தது. வெட்டினவனுக்குத்தான் கடைசித் தண்ணீர் என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் தண்ணீர் வந்தது. தரையெல்லாம் கல் பாவியிருந்தது. தகட்டின் பூஜ்யம் அந்தக் கல்லில் இருந்தது. செங்கல் ஏற்றிய படகுகள்கூட இதில் போயிருக்கின்றன. வருஷத்துக்கு ஒரு மாதம் வாய்க்காலை அடைப்பார்கள். சுற்றுவட்டாரம் முழுக்க மண்வெட்டியோடு இறங்கி, சேற்றை வாரித் தங்கள் வயலுக்கே கொண்டுபோகும்.

பிறகு, யாரும் இறங்கக் கூடாது என்று ஒரு போர்டு வந்தது. தூர் வாரும் வேலை காண்ட்ராக்டுக்குப் போய்விட்டதாம். வருஷா வருஷம் ஒரு மஞ்சள் இயந்திரம் வரும், இரண்டு கரையிலும் புல்லைச் சுரண்டும், ஒருவர் போட்டோ எடுப்பார், போய்விடுவார்கள். "வாய்க்காலுக்கு முகச்சவரம் பண்ணிட்டுப் போறானுங்க" என்று மீன் பிடிப்பவர்கள் சிரிப்பார்கள். அடியில் சேறு முதலில் ஒரு சாண் ஏறியது, அப்புறம் ஒரு முழம், அப்புறம் இரண்டரை அடி. தகட்டில் தண்ணீர் மட்டும் எப்போதும் போல மூன்றரையில் நின்றது. சேற்றின் மேல் ஏறி நின்றால் குட்டையனும் நெட்டையன்தானே.

அவளுக்குச் சேறு தெரியாதா? தினமும் பார்க்கிறவள். ஆனால் மேலே கழித்துக்கொள்வார்கள் என்றே நினைத்திருந்தாள். படித்தவர்கள், காலேஜ் போனவர்கள். மூன்றரையில் இரண்டரை போனால் ஒன்று என்று அவர்களுக்கா தெரியாது?

போன வருஷம் ஷட்டர் கதவில் ஓர் ஆணையை ஒட்டினார்கள். ஒன்பதாம் கிளைக்கு முறைத் தண்ணீர் இனி ஐந்து நாள் இல்லை, மூன்று நாள். கடைசி ஷட்டரில் இருபது வருஷமாக நீர்மட்டம் குறையவே இல்லை என்று பதிவுகள் காட்டுவதால், மிச்சமாகும் தண்ணீர் மேலே புதிதாக வரும் பங்களாக்களின் அலங்கார ஏரிக்குப் போகும்.

அடுத்த நாள் காலையில் தங்கை வந்தாள். கடைமடையில் புருஷனோடு ஒன்றரை ஏக்கர் பார்க்கிறவள். எப்போதும் நேராக அடுப்படிக்கு வந்து தண்ணீர்ப் பானையைத் திறக்கிறவள் அன்றைக்கு வாசலிலேயே நின்றாள்.

"உன் கையெழுத்தைத்தான் காட்டுறாங்க. மூணரை, மூணரைன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கே. தண்ணி எங்களுக்கு வந்து சேரவே நாலாம் நாள் ஆகுதுன்னு உனக்குத் தெரியாதா? மூணு நாள்ல மூடினா ஈரம்கூட வராது. கூடப் பிறந்தவளே எங்க வாயில மண்ணைப் போட்டுட்டான்னு ஊரே பேசுது, நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நடக்கிறது?"

உள்ளே வா என்றாள் அக்கா. தங்கை வரவில்லை; திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அக்கா நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. யாரும் கழிக்கவில்லை. ஒருநாளும், ஒருத்தரும் கழிக்கவில்லை. அவள் எழுதின மூன்றரையை மூன்றரை அடித் தண்ணீர் என்றே எடுத்துக்கொண்டு, அதை வைத்தே அவள் தங்கையின் கழுத்தை அறுத்திருக்கிறார்கள். நோட்டைப் படாரென்று மூடினாள். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

புது முறையைத் தொடங்கி வைக்க இன்ஜினீயர் ஜீப்பில் வந்தார், கூடவே குமாஸ்தா. பாலத்தின்மேல் தங்கையும் கடைமடைக்காரர்கள் சிலரும் நின்றார்கள். அவள் இரண்டு மூங்கில் கழிகளோடு ஜீப்புக்கு முன்னால் போய் நின்றாள். ஒரு கழியின் அடியில் பெயின்ட் டப்பா மூடியை ஆணி அடித்து வைத்திருந்தாள். அதைத் தகட்டின் பக்கத்தில் இறக்கினாள். மூடி சேற்றின்மேல் உட்கார்ந்தது. வெளியே எடுத்தபோது நனைந்தது ஓர் அடி. மூடி இல்லாத கழியை இரண்டு கையாலும் அமுக்கினாள். அது சேற்றைக் கிழித்துக்கொண்டு போய்க் கல்லில் முட்டியது. மூன்றரை. கறுப்பாக ஒழுகிய இரண்டு கழிகளையும் ஜீப்பின் முன்பக்கத்தில் அருகருகே வைத்தாள்.

இன்ஜினீயர் இரண்டு கழியையும் பார்த்தார். "அப்போ இருபத்தாறு வருஷமா நீ தப்பா எழுதியிருக்கே" என்றார்.

"நான் தகட்டை எழுதினேன் சார். சேத்தை நீங்க கழிப்பீங்கன்னு நினைச்சேன்."

"சேறே இல்லைன்னுதாம்மா எங்ககிட்ட பேப்பர் இருக்கு. வருஷா வருஷம் தூர் வாரியாச்சு." அவர் நோட்டைப் பிரித்துத் தலைப்பில் விரல் வைத்தார். "இதோ பாரு. நீர்மட்டம்னுதான் போட்டிருக்கு. தண்ணி எவ்வளவுன்னு உன்னை யாரு கேட்டா?"

"மட்டம் தட்டுறதுக்குன்னே ஒரு நோட்டு போட்டு வச்சிருக்காங்கப்பா" என்றாள் தங்கை, பாலத்திலிருந்து. நாலு பேர் சிரித்தார்கள். குமாஸ்தா குனிந்துகொண்டார். அவள் சிரிக்கவில்லை.

"என்னை யாரும் கேக்கலைதான். அஞ்சு நாளை மூணு நாளா ஆக்கறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும். நீங்க இறங்க வேண்டாம் சார், பேண்ட் நனையும். இந்தக் கழியை மட்டும் தொட்டுப் பாருங்க." ஒரு கழியை அவர் பக்கம் நகர்த்தினாள். "தொட மாட்டீங்க. தொட்டா எழுதணும்."

அவள் இத்தனை நீளமாகப் பேசி அந்தக் கரையில் யாரும் கேட்டதில்லை. இன்ஜினீயர் கழியைத் தொடவில்லை. குமாஸ்தாதான் இரண்டு விரலால் அவற்றை எடுத்துத் தரையில் போட்டார். ஜீப் கிளம்பியது.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஷட்டரை மூட வேண்டும். அவள் மூடவில்லை. சக்கரத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்த் துணி துவைத்தாள். நாலாம் நாள் தண்ணீர் கடைமடை வயலுக்குள் போனது. ஐந்தாம் நாள் சாயங்காலம் தானே மூடினாள்.

மெமோ வந்தது. குற்றம் இரண்டு: ஆணையை மீறியது, இருபத்தாறு வருஷம் தவறான அளவு எழுதியது. முதலாவதை அவள் ஒத்துக்கொண்டாள். இரண்டாவதை ஒத்துக்கொள்ளவில்லை. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று ஒரு நாள் பார்த்தாள், ஆறவில்லை. அப்படியே எழுதினாள்: "சேற்றை வாராமலே வாரியதாக எழுதியவர் யாரோ, அவருக்கு மெமோ கொடுத்துவிட்டு எனக்குக் கொடுக்கவும்."

அதற்குப் பதில் இல்லை. ஆணை இன்றும் மூன்று நாள்தான். அவள் ஐந்து நாள் திறக்கிறாள். ஒவ்வொரு முறைக்கும் ஒரு மெமோ வருகிறது, இதுவரை எட்டு. விசாரணை மட்டும் வைக்கவில்லை. வைத்தால் வாய்க்காலை அளக்க வேண்டியிருக்கும். தங்கை வீட்டுக்குள் வருகிறாள். சேறு இப்போது இரண்டே முக்கால் அடி. அக்காவுக்கு ஓய்வு பெற ஒரு வருஷமும் நாலு மாதமும் இருக்கிறது. அதற்கப்புறம் வருகிறவர் மூன்றாம் நாளே மூடிவிடுவார்.