இட்லிப் பானையில் வெந்த ஊசி மருந்து

என் தம்பியின் இடுப்புக்குக் கீழே வந்த சீழ்க்கட்டியில் என் பங்கு எவ்வளவு? மூன்று மாதமாக யோசிக்கிறேன். பிடிபடவில்லை.

தம்பி போலீஸ் வேலைக்குத் தயாராகிறவன். அதே வேலையில் இருந்து ஓய்வு பெற்ற அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகம் பகுதியில் இருக்கிறார். ஜிம் ராஜபாளையத்தில் என்பதால் தம்பி எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். முந்தைய தடவை மூச்சை எவ்வளவு இழுத்தும் மார்பளவில் ஒரு சென்டிமீட்டர் குறைந்து திரும்பி வந்தவன். இந்தத் தடவை எழுத்துத் தேர்வில் தேறி, உடல்தகுதித் தேர்வுக்குக் காத்திருந்தான்.

என் ஏழு மாதக் குழந்தையின் பால் பாட்டிலை இட்லிப் பானையில் வைத்து அரை மணி நேரம் வேகவிடுவேன். டாக்டர் சொன்னது பத்து நிமிடம்தான். எனக்கு மனம் ஆறாது. தரையில் விழுந்த கிலுகிலுப்பையும் வேகும். குழந்தை வாயில் வைத்ததால் ஒருமுறை என் கணவரின் பைக் சாவியும் வெந்தது.

ஒரு நாள் காலை, குழந்தைக்கு முதல் இட்லி ஊற்றலாம் என்று பானையைத் திறந்தேன். இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாகக் குட்டிக் கண்ணாடிக் குப்பிகள். உள்ளே மஞ்சளாக எண்ணெய்.

"ஏலே, என்னலே இது?"

"டெஸ்டோஸ்டிரோன்க்கா. ஆம்பளை உடம்புல தானா ஊறுறதுதான், கூட ஏத்துனா மார்பு விரியுமாம். ஊசியா வாங்கப் போனா மருந்துக் கடைல டாக்டர் சீட்டு கேக்கான். அதான் பொடியா வரவழைச்சு நானே எண்ணெயில கலந்துட்டேன்."

"பொடி யாரு குடுத்தா?"

"ஆன்லைன்ல. கவர்ல பேரு இல்ல."

"கிருமி இருக்குமேலே."

"அதெல்லாம் அரை மணி நேரம் வச்சாச்சு. டாக்டரே பத்து நிமிஷம்னாலும் நீ அரை மணி நேரம் வைக்க. உன்னைப் பாத்துத்தானக்கா படிச்சேன்."

கோபம் வரவேண்டிய இடம். எனக்கு ஒரு கணம் பெருமை வந்துவிட்டது. அதன் பிறகுதான் கத்தினேன். "சரி, தூர ஊத்திருதேன்" என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனான். நான் நம்பிவிட்டுப் பானையை மூன்று முறை தேய்த்தேன்.

அவன் ஊற்றவில்லை, தனக்கே ஊசி போட்டுக்கொண்டான். நாலாம் நாள் நின்றுகொண்டே சாப்பிட்டான்.

"உக்காந்து சாப்பிடுலே."

"நின்னா நல்லா செரிக்கும்க்கா."

மறுநாள் காய்ச்சல் அடித்தது. உண்மையும் வெளியே வந்தது. ஜிம்மில் யாருக்கும் தெரியக் கூடாது என்று ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரிடம் கிளம்பினோம். பஸ் காலியாக இருந்தது. கண்டக்டர் மூன்று தடவை சொல்லியும் தம்பி உட்காரவில்லை.

டாக்டரம்மா கட்டியைக் கீறிச் சீழை எடுத்துவிட்டு, "இப்படிச் சுத்தம் பண்ண யாரு தம்பி சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார். குப்புறப் படுத்திருந்தவன் அப்படியே என் பக்கம் கையை நீட்டினான். "அக்காவோட முறைதான் டாக்டர். அவிய எதையும் சுத்தமாத்தான் செய்வாவ."

டாக்டரம்மா என்னையும் என் இடுப்பிலிருந்த குழந்தையையும் பார்த்தார்.

"வாய்க்குப் போற பாட்டில் வேறம்மா, சதைக்குள்ள போற மருந்து வேற. இட்லிப் பானை ஆவிக்குச் சாகாத கிருமி இருக்கு. பொடியில என்ன கலந்திருக்கு, எம்புட்டு வீரியம்னு எந்த ஆவியும் சொல்லாது. சரியான மருந்தாவே இருந்தாலும், வெளியில இருந்து ஏத்த ஏத்த உடம்பு தன் வேலையை நிறுத்திரும். நாளைக்குப் பிள்ளை பொறக்கதுலயே சிக்கல் வரலாம். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கிருமி ரத்தத்துல ஏறியிருக்கும்."

தம்பி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

உடல்தகுதித் தேர்வு நாளில் அவனால் ஓட முடியவில்லை. அப்பாவிடம் "கட்டி" என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். உடம்புச் சூடு என்று அவரே முடிவு செய்து, வாரம் தவறாமல் இளநீர் கொடுத்தனுப்புகிறார். தம்பி அதை உட்கார்ந்து குடிக்கிறான்.

போன வாரம் கேழ்வரகு மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒரு குப்பி அகப்பட்டது.

"மிச்சம்க்கா. அடுத்த தேர்வுக்கு. அன்னைக்கு அரை மணி நேரம் பத்தாமப் போச்சு. இந்தத் தடவை நீயே ஒரு மணி நேரம் வச்சுக் குடேன்."

அவன் இதைச் சொல்லும்போது நான் பால் பாட்டிலைப் பானைக்குள் இறக்கிக்கொண்டிருந்தேன்.

குப்பியை டாக்டரம்மாவிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். மிச்சப் பொடி எங்கே என்று கேட்டால் வாய் திறக்க மாட்டேன் என்கிறான். வேகவைத்தால் போதாது என்று நான் சொல்லும்போதெல்லாம் என் பின்னால் பானை ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது. அப்பாவிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் இவன் வீட்டை விட்டுப் போய், எனக்குத் தெரியாத ஒரு பானையில் வைத்துவிடுவானோ? இப்படி ஒரு தம்பியைத் திருத்தியவர்கள் யாராவது இருந்தால், என்ன சொல்லித் திருத்தினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.