தவக்காலத்தில் உட்காராதவர்

மாலையில் எங்கள் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஆம்பூரிலிருந்து ஒடுகத்தூர் வரை கூடவே வந்த அக்கா அவர். குள்ளமான உருவம், காதோரம் நரை, காய்த்துப்போன விரல்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியதும் தலையில் பூ வைப்பதை விட்டார். பஸ்ஸில் உட்காருவதையும் விட்டார். ஆனால் முண்டியடித்து ஏறி இடம் பிடிப்பார். பிடித்ததும் யாரையாவது கூப்பிட்டு உட்கார வைப்பார்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். உட்கார்ந்தேன், ஆனால் கோபம் வந்தது.

"நாள் பூரா நின்னுதானேக்கா வேலை செய்றீங்க? உங்க கால் வலிச்சா உங்க சாமிக்கு இன்னா சந்தோஷம்?"

சிரித்தார். "என் வலி அவருக்கு இன்னாத்துக்கும்மா? உன் கால் வலி கம்மியாச்சா, அதைச் சொல்லு. அவரு மட்டும் சும்மா வலிக்கட்டும்னா சிலுவைல தொங்கினாரு? நமக்காகத்தானே."

ஈஸ்டருக்கு மறுநாள் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு ஏறினார். அன்று நான் முந்திப் பிடித்த இடத்தை அவருக்குக் கொடுத்தேன். மறுக்காமல் உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு என் டிபன் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு நின்றவர்கள் எல்லோருடைய பைகளையும் கேட்டு வாங்கினார். கொஞ்ச நேரத்தில் பைகளுக்குப் பின்னால் அவர் முகமே தெரியவில்லை. மல்லிகை மட்டும் தெரிந்தது.