அப்பா திறந்த பூட்டு

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இன்று ஒருவர் அத்தர் மணக்கக் கடந்துபோனார். அதன்பின் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டு அங்கும் இங்கும் நடந்தேன்.

அப்பா கல்லூரியில் அட்டெண்டர். வளாகத்துக்குள்ளேயே எங்கள் குவார்ட்டர்ஸ். எதிரிலிருந்த பழைய ஓட்டுக் கட்டடத்தை முஸ்லிம் மாணவர் சங்கம் தொழுகைக்கு வைத்திருந்தது. வெள்ளிக்கிழமைகளில் பள்ளியிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு ஓடிவரும் நான், அத்தர் மணக்க வரும் அவர்கள் குழாயடியில் கைகால் கழுவும் சத்தத்தையும், பாய் விரிக்கும் சரசரப்பையும், பிறகு சட்டென்று கவியும் அமைதியையும் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அந்தக் கட்டடத்தை இடிக்கப்போவதாகச் சொல்லி, கல்லூரி நிர்வாகத்தார் அப்பாவையே பூட்டுப்போட வைத்தார்கள். அந்த வெள்ளிக்கிழமை வந்த மாணவர்கள் திகைத்து நின்றார்கள். சங்கச் செயலாளர் ரஹீம் அண்ணன், "பரவால்லண்ணே, வெளியவே தொழுதுக்கறோம்" என்று கொதிக்கிற மண்ணில் பாயை விரித்தார்.

சாப்பிட உட்கார்ந்த அப்பா எழுந்துவிட்டார். வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார்.

"வேல போயிடும்ங்க" என்றாள் அம்மா.

"தெரியுது. சோறு எறங்க மாட்டேங்குதே."

சாவியோடு போய்ப் பூட்டைத் திறந்தார். "உள்ள வாங்கப்பா."

மறுநாளே மெமோ வந்தது. அந்த மாதமே கட்டடமும் போனது. மாணவர்கள் ஊருக்குள் இருந்த பள்ளிவாசலுக்கு நடந்தார்கள். எப்படியோ அப்பாவுக்கு வேலை மிஞ்சியது. ஆனால் ஏன் திறந்தாய் என்ற கேள்விக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் மூன்று நாள் தவித்தார். கடைசியில் ஒரே வரிதான் எழுதிக் கொடுத்தார்: "அன்று வெயில் அதிகமாக இருந்தது, ஐயா."