யார் கொடுத்தது என்று கேட்காதவர்

“ஒண்ணுமே குடுக்கலைன்னா, அது எதுக்குங்க உங்க சட்டப் பையவே பாத்துட்டிருக்கு?”

கேட்டவர், நாய் டாக்டரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்காரும் அக்கா. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். நாயின் பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டிருப்பார். எதிரில் நிற்கும் பெரிய மனிதரின் கை அதற்குள் தானாகச் சட்டைப் பைக்குப் போயிருக்கும். உள்ளே பிஸ்கட் இருக்கும்.

என் நாய்க்கு ஓயாத காது வலி. அந்தப் புண்ணியத்தில் அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் பாக்கியம் எனக்கு அடிக்கடி வாய்க்கிறது. அக்காவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு மேசையெல்லாம் தேடுவார். பூனை முடி பட்டால் அடுக்குத் தும்மல் போடுவார். ஆனாலும் பூனை கொண்டுவருபவர்களிடம் தனி மரியாதை. “அவங்க பொய் சொல்றதில்ல. பூனை நம்ம கையால வாங்கித் தின்னாத்தானே?”

நாய் வளர்ப்பவர்கள் வேறு ரகம், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள். மறைத்தது பூசணிக்காயாகவே இருந்தால் அக்கா கவலைப்பட மாட்டார். உப்பு காரமில்லாத பூசணிக்காயும் சோறும் நாய்க்கு நல்லதுதான். சாக்லேட்டையும் வெங்காயத்தையும் மறைப்பதில்தான் வம்பு. “வாயில்லா ஜீவன், வாயில்லா ஜீவன்னு கொஞ்சறாங்க. வாய் இருக்கப் போயிதானே இங்க வந்து படுத்திருக்கு” என்பார்.

அவருடைய தொழில் தர்மம் ஒன்றே ஒன்று. “என்ன தின்னுச்சுன்னு சொல்லுங்க, போதும். யாரு குடுத்தாங்கன்னு நான் கேக்கவே மாட்டேன்.” அக்கா வீட்டில் நாய் கிடையாது. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “வீட்டுக்காரருக்குச் சக்கரை. அவரு எதத் திருடித் தின்னாருன்னு கண்டுபிடிக்கவே நேரம் சரியா இருக்கு.”

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு குடும்பம் ஓடிவந்தது. ஒரு பெரியவர், அவர் மகன், மருமகள். மருமகளின் கையில் குட்டைக் கால் பழுப்பு நாய் துவண்டு கிடந்தது. விடிந்ததிலிருந்து வாந்தியாம். “நாய்த் தீனி தவிர ஒரு பருக்கை குடுக்கறதில்ல” என்றார் மருமகள். “இது எங்க அண்ணன் குடுத்தது. யாராவது கண்டதையும் போட்டீங்கன்னா அன்னைக்கே அங்க திருப்பி அனுப்பிடுவேன்னு வீட்டுல சொல்லியே வச்சிருக்கேன்.” மகன் தலையாட்டினார். பெரியவர் சுவரில் இருந்த உண்ணி மருந்து விளம்பரத்தை ஊன்றிப் படித்தார்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். “என்ன சாப்டுச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். சாதா வயித்துக் கோளாறுன்னா ஒரு ஊசி போதும். ஆகாதது எதையாவது தின்னிருந்தா, இப்பவே வெளிய எடுக்கணும்.”

அக்கா வழக்கம்போல நாயின் கண்ணைப் பார்த்தார். அந்தச் சோர்விலும் அது மருமகளைப் பார்த்தது, பிறகு மகனை, பிறகு பெரியவரை. அக்காவே கொஞ்சம் திகைத்துப் போனார். அப்புறம் மளமளவென்று காரியத்தில் இறங்கினார். வண்டியை நகர்த்திப் போடச் சொல்லி மகனை வாசலுக்குக் கூட்டிப் போனார். “ராத்திரி ஒரு துண்டு சீஸு… அவகிட்ட சொல்லிடாதீங்க” என்று அங்கே ஒரு முணுமுணுப்பு. நாயை எடை போட மருமகளை உள்ளே கூட்டிப் போனார். “நேத்து கேக்கு ஓரத்துல கொஞ்சூண்டு… வெறும் கேக்குதான், க்ரீம்கூட இல்ல” என்று இன்னொரு முணுமுணுப்பு. இரண்டுக்கும் இத்தனை வாந்தி வராது என்று அக்காவுக்குத் தெரியும்.

வெளியே வந்து பெரியவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். “வாந்திய யாருங்கய்யா தொடச்சது?”

“நாந்தான்.”

“வீட்டுல நீங்கதான் தொடப்பீங்களா?”

பெரியவர் மறுபடி உண்ணி மருந்து விளம்பரத்துக்குப் போனார்.

“அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடுவாங்களேன்னு பாக்கறீங்க. உசுரோட இருந்தா அங்க போயாவது பாக்கலாம். சொல்லுங்க, என்ன இருந்துச்சு அதுல?”

பெரியவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், சொல்வதில் என்ன வெட்கம். “காஞ்ச திராட்சைம்மா. மலச்சிக்கலுக்கு ஊறப்போட்டுச் சாப்பிடுவேன். எனக்கு நாலு, அதுக்கு ஒண்ணுன்னு குடுப்பேன். இன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு, கிண்ணத்தக் கீழ வச்சிட்டு பல்செட்ட மாட்டப் போனேன். வந்து பாத்தா கிண்ணம் காலி. உடம்புக்கு நல்லதுன்னுதானேம்மா நானே சாப்பிடறேன்.”

“நமக்கு நல்லதுங்கய்யா. அதுக்குக் கிட்னியவே காலி பண்ணிடும்.” பாதி வாக்கியத்திலேயே எழுந்துவிட்டார் அக்கா. அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன். “டாக்டர், காஞ்ச திராட்சை. ஒரு கிண்ணம். காலைல.” அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

மிச்சத்தை வாந்தி எடுக்க வைத்தார்கள். நாயை அங்கேயே வைத்துக்கொண்டு டிரிப்ஸ் ஏற்றினார்கள், திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிட்னி தப்பித்தது. அதை வீட்டுக்கு அனுப்பிய அன்று என் நாயின் காதும் புண்ணியம் கட்டிக்கொண்டதால் நானும் அங்கே இருந்தேன்.

அக்கா நாயைச் சங்கிலியோடு கூட்டிவந்தார். அது மூன்று பேர் மேலும் மாறி மாறித் தாவியது. மருமகள் மேசையில் கையூன்றி நின்றார். “பொழச்சிடுச்சு, சந்தோஷம். இப்ப சொல்லுங்க. திராட்சை யாரு குடுத்தது? யாராவது சொல்லாம உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.”

பெரியவர் ஓரடி முன்னால் வந்து தொண்டையைக் கனைத்தார். அக்கா முந்திக்கொண்டார்.

“சொல்றேம்மா. ஆனா நான் ஆரம்பிச்சா பாதில நிறுத்த மாட்டேன். திராட்சை, சீஸு, கேக்குன்னு வரிசையா எல்லாம் வரும். பரவால்லியா?”

மகன் அவசரமாக வண்டிச் சாவியைத் தேடினார். மருமகள் மேசையிலிருந்து கையை எடுத்தார். பிறகு அக்கா நீட்டிய சங்கிலியை வாங்கி, யார் முகத்தையும் பார்க்காமல், மாமனாரின் கையில் கொடுத்தார்.