முப்பது நொடியில் சொல்ல வேண்டிய பதில்

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம், மேலாளர் உட்பட. இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ஒரு விளையாட்டில் ஏமாற்றுக்காரர்களைப் பிடிப்பது அக்காவின் வேலை. பதினொரு வருடமாகத் திரையைப் பார்த்துப் பார்த்து அவருக்குக் கழுத்து இடப்பக்கம்தான் திரும்பும். இடப்பக்கத்து நாற்காலி என்னுடையது, அதனால் வீட்டுக் கவலையெல்லாம் என்னிடம்தான் கொட்டுவார்.

ஒரே காரியத்தை மணிக்கணக்கில் செய்கிற ஆட்டக்காரர் பெரும்பாலும் ஆளே இல்லை, தானாக ஓடும் கணினி நிரல். சந்தேகம் வந்தால் "நீங்கள் மனிதர்தானா?" என்று கேட்போம். முப்பது நொடியில் பதில் வராவிட்டால் கணக்கை மூடிவிடலாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நானும் இருந்தேன்.

போன மாதம் ஒரு கணக்கு சிக்கியது. விளையாட்டில் புதியவர்கள் ஒரு பாலத்தைக் கடந்துதான் உள்ளே வர வேண்டும். இந்த ஆள் சண்டை போடவில்லை, புதையல் தேடவில்லை. மூன்று வருடமாகப் பாலத்து முனையில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் "வாங்க" என்று எழுதிக்கொண்டிருந்தார். அக்கா கேள்வியை அனுப்பினார். முப்பது நொடி ஆனது. மூடிவிட்டு டீ குடிக்கப் போனார்.

மூன்றாம் நாள் அந்தப் பாலத்து ஆளின் மகள் புகார் அனுப்பினாள். அப்பா பஸ் ஓட்டியவராம். பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது, இடது கையில் ஒரு விரல்தான் சொன்னபடி கேட்கும். நாலு பேரோடு அவர் பேசியதே அந்தப் பாலத்தில்தானாம். பதிவை எடுத்துப் பார்த்தோம். கணக்கை மூடி இருபது நொடி கழித்துப் பதில் வந்து கிடந்தது: "ஆமாங்க, மனுஷன்தான்."

அக்கா நேரே மேலாளரிடம் போனார், நானும் போனேன். மூடிய கணக்கு அழிந்துவிடும், திருப்ப வழியில்லை, புதிதாகத் தொடங்கச் சொல்லுங்கள் என்றார் அவர். அக்கா நகரவில்லை.

"நாம விக்கிறது பொழுதுபோக்கு, அக்கா. அவங்க ஆறுதலுக்கெல்லாம் நாம பொறுப்பா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசல் விளம்பரத்தில் 'உங்கள் இன்னொரு வீடு' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது. கூப்பிடும்போது வீடு, துரத்தும்போது வெறும் விளையாட்டு. கடைசியில் மேலாளர் மனமிரங்கி, வேண்டுமானால் விளையாட்டில் அவருக்கு ஒரு தங்க வாள் இலவசமாகக் கொடுக்கலாம் என்றார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கதைதான்.

அக்காவுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு புகாருக்கும் எங்களுக்கு நான்கு நிமிடம், எழுதி வைத்த பதில்கள் முப்பத்தாறு. அதில் ஒன்றும் பொருந்தவில்லை. சொந்தமாகத் தட்டினார், அப்பாவிடம் காட்டும்படி மகளைக் கேட்டுக்கொண்டார்.

"ஐயா, நான்தான் அவசரப்பட்டு மூடிட்டேன். மன்னிச்சிடுங்க. புதுசா ஒரு கணக்குல திரும்பி வருவீங்களா?"

நான்கு நிமிடம் முடிந்து திரை சிவப்பானது. மேலாளர் எட்டிப் பார்த்தார், நான் முறைத்த முறைப்பில் போய்விட்டார். அக்கா அசையாமல் காத்திருந்தார். பதினேழாவது நிமிடத்தில் பதில் வந்தது.

"பரவால்லம்மா. உங்க மேல கோவமில்ல. ஆனா அங்க போய் நின்னா, யாராவது மறுபடி கேப்பாங்களோன்னு இருக்கும். வரலம்மா."